வெளியில பூட்டின எக்ஸ்டெண்டர் சண்டித்தனம் பண்ணுதா: திருத்துறதா, இடம் மாத்துறதா, கேபிள் இழுக்கிறதா?

வீட்டுக்குள்ள மெஷ் வைஃபை (கன பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையா ஓடுறது) ஒழுங்கா ஓடும், வெளியில பூட்டின எக்ஸ்டெண்டர் (சிக்னலை வாங்கித் திரும்பக் குடுக்கிற பெட்டி) மட்டும் காலையில வேலை செய்யும், மத்தியானம் படுத்திடும், பின்னேரம் தானா எழும்பும், மழை வந்தா திரும்பவும் படுக்கும். கொழும்பில இந்தக் கரைச்சல் இப்ப கன வீட்டில இருக்கு. கேட்டில கமரா, பின்னால வாடகைக்கு விட்ட அனெக்ஸ், மேல தண்ணி டாங்கிக்குப் பக்கத்தில உடுப்புக் காயப்போடுற இடம், எல்லாத்துக்கும் வைஃபை வேணும். எங்கட வீட்டில அது முன் விறாந்தை. அம்மா பின்னேரத்தில அங்க கதிரையைப் போட்டுக்கொண்டு கனடாவில இருக்கிற அக்காவோட வைபரில கதைப்பா, கதையின்ர முக்கியமான இடம் வரேக்க அக்கான்ட முகம் அப்பிடியே உறைஞ்சு நிக்கும், "பிள்ளை கேக்குதோ, கேக்குதோ" எண்டு அம்மா போனைத் தூக்கிப் பிடிச்சபடி வளவைச் சுத்துவா.

இப்பிடி நடந்தா எல்லாரும் செய்யுறது ஒண்டுதான், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸா கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் இதைவிடப் பெரிசா ஒண்டு வாங்கிறது. கடைப் பொடியனும் பாவம் அவன்ட வேலையைச் செய்வான், "அண்ணா இதில ஆறு அன்டெனா இருக்கு, மூண்டு வீடு தாண்டியும் அடிக்கும்" எண்டுவான். எனக்கு இதில நம்பிக்கை இல்லை. வெளியில வைக்கிற எக்ஸ்டெண்டர் விட்டு விட்டு வேலை செய்தா முக்கால்வாசி நேரம் பிழை அந்தப் பெட்டியில இல்லை, பெட்டிக்கும் வீட்டுக்குள்ள இருக்கிற ரவுட்டருக்கும் நடுவில இருக்கிற இணைப்பிலதான், அதாவது மெஷ் ஆப்பில பேக்ஹால் எண்டு காட்டுதே அதில. அதைத் திருத்தாமப் பெட்டியை மாத்தினா புதுப் பெட்டியும் அதே இடத்தில அதே மாதிரித்தான் படுக்கும்.

எந்த வழிக்குப் போறது எண்டு யோசிக்க முதல் உண்மையில என்ன சாகுது எண்டு கண்டுபிடிக்க வேணும். கரண்ட் போகுதா, பேக்ஹால் அறுகுதா, இல்லாட்டி ரெண்டும் நல்லா இருந்தும் போன்தான் பிழையான இடத்தில தொங்கிக்கொண்டு நிக்குதா. இதைப் பார்க்க பெரிய படிப்பு தேவையில்லை, நீளமா ஒரு லேன் கேபிளும் கொஞ்சம் பொறுமையும் காணும்.

முதல்ல எக்ஸ்டெண்டரைக் கழட்டி உள்ள கொண்டு வந்து மெயின் ரவுட்டர் இருக்கிற அறையிலயே, அதுன்ட சொந்த அடாப்டரிலயே ஒரு இரவு போட்டு விடுங்கோ. அங்கயும் தானா ரீபூட் ஆகுது எண்டால் அடாப்டர் இல்லாட்டி பெட்டி பழுது, அதோட விசாரணை முடிஞ்சுது. அதே வோல்ட், அதே ஆம்பியர் இல்லாட்டிக் கூடின ஆம்பியர் அடாப்டர் ஒண்டை மாத்திப் பாருங்கோ, முனையின்ட பிளஸ் மைனஸ் ஒரே பக்கமா எண்டும் பார்த்துக்கொள்ளுங்கோ. அப்பவும் சரிவராட்டி வாரண்டிக்குக் குடுங்கோ. உள்ளுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடுது எண்டால் திரும்ப வெளியில பழைய இடத்தில வைச்சு, ஜன்னலுக்கால ஒரு லேன் கேபிளை நிலத்தில சும்மா போட்டு மெயின் ரவுட்டரில குத்தி ஒரு பகல் முழுக்க விட்டுப் பாருங்கோ. ஆக்கள் காலில தட்டுப்படும், வீட்டில ஏச்சும் விழும், பரவாயில்லை. கேபிளில நல்லா ஓடுது, கேபிளைக் கழட்டினாப் படுக்குது எண்டால் பேக்ஹால்தான் கள்ளன். கேபிள் குத்தியும் படுக்குது எண்டால் வெயில், தண்ணி, கரண்ட், இந்த மூண்டில ஒண்டு.

கேபிள் இழுத்துப் போட ஏலாதவைக்கு இன்னொரு வழி இருக்கு. லாப்டொப்பை வெளி எக்ஸ்டெண்டரோட கனெக்ட் பண்ணிக்கொண்டு ரெண்டு பிங் (இருக்கிறியா எண்டு கேட்டுப் பதில் பார்க்கிற கட்டளை) ஓட விடுங்கோ, ஒண்டு எக்ஸ்டெண்டரின்ட ஐபிக்கு, அதாவது அதின்ட நெட் விலாசத்துக்கு, மற்றது மெயின் ரவுட்டரின்ட ஐபிக்கு. நெட் நிக்கிற நேரம் எக்ஸ்டெண்டர் பதில் சொல்லுது ரவுட்டர் சொல்லேல்லை எண்டால் நடு இணைப்பு அறுந்திருக்கு. ரெண்டும் பதில் சொல்லுது ஆனா யூடியூப் ஓடேல்லை எண்டால் அது நெட் குடுக்கிற கம்பெனிப் பக்கத்துப் பிரச்சினை, எக்ஸ்டெண்டரை ஏசிப் பிரயோசனம் இல்லை.

இருக்கிறதையே திருத்துறது

காசு போகாத வழி எண்டபடியா இதில கொஞ்சம் கூட நேரம் செலவழிக்கலாம். முதல் விஷயம் இடம். சிக்னல் செத்த இடத்திலதானே எக்ஸ்டெண்டர் வேணும் எண்டு கேட் தூணிலயே கொண்டு போய்ப் பூட்டுறது, ஆனா அதுவும் அந்தச் செத்த சிக்னலைத்தானே வாங்கித் திரும்பக் குடுக்குது. கோயில் லவுட்ஸ்பீக்கர் ஊர் முழுக்கக் கேக்கும், நீங்க மூலையில நிண்டு சொல்லுற பதில் ஐயருக்குக் கேக்காது. எக்ஸ்டெண்டருக்கும் அதே கதி, ரவுட்டர் சொல்லுறது அதுக்குக் கேட்டாலும் அது சொல்லுறது ரவுட்டருக்குக் கேக்க வேணும். வைஃபை அனலைசர் ஆப் ஒண்டைப் போட்டு எக்ஸ்டெண்டர் இருக்கிற இடத்தில மெயின் ரவுட்டரின்ட சிக்னலைப் பாருங்கோ, மைனஸ் 65 டிபிஎம் (சிக்னல் பலத்தின்ட அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட வர வரப் பலம்) அளவில இருந்தா நல்லம், மைனஸ் 70 எண்டால் எல்லைக்கோட்டில நிக்குது, மைனஸ் 80 எண்டால் அங்க எந்த விலைச் சாமானை வைச்சாலும் அழுகைதான். பார்க்கேக்க 2.4 ஐயும் 5 கிகாஹெர்ட்ஸையும் தனித்தனியாப் பாருங்கோ, வெளிச்சுவர் ஒண்டைத் தாண்டின உடனே 5 தான் முதல்ல விழும். பாதி வழிக்கு, வீட்டுச் சுவரோட ஒட்டி, ஜன்னலுக்கு நேர கொண்டு வந்தா தூரம் குறைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா அறுகாது.

அடுத்தது சேனல், அதாவது வைஃபை ஓடுற அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸில 52 இலிருந்து 144 வரைக்கும் உள்ள சேனல்கள் ரேடாரோட பங்கு போடுறவை. ரவுட்டர் அதில நிக்கேக்க ரேடார் மாதிரி ஏதாவது காதில விழுந்தா உடனே விட்டுட்டு வேற சேனலுக்குப் போக வேணும், அதே கூட்டத்தில இன்னொரு சேனலுக்குப் போறதெண்டால் குறைஞ்சது 60 வினாடி சும்மா காது குடுத்துக் கேட்டுட்டுத்தான் பேசத் தொடங்கலாம், சில சேனலுக்கு சில நாட்டு விதியில 10 நிமிஷம். வீட்டுக்குள்ள இருக்கிற போன் இதைக் கவனிக்காமலே 2.4க்கு மாறிடும், வெளியில 5 இல தொங்கிக்கொண்டிருக்கிற எக்ஸ்டெண்டர் மட்டும் அனாதையா நிக்கும். காரணமே இல்லாம சும்மா நிண்டு போகுது எண்டு சொல்லுற கேஸ் கனக்க இதுதான். ஆட்டோவை நிப்பாட்டிப்போட்டு 36 இலிருந்து 48 க்குள்ள ஒண்டைக் குடுங்கோ, சேனலின்ட அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40 க்குக் குறையுங்கோ. வேகம் குறையும்தான், கேட் கமராவுக்கும் வைபருக்கும் அதுவே கூட. 2.4 இல 1, 6, 11 மூண்டு மட்டும்தான் ஒண்டோடொண்டு மோதாது, அகலம் 20. வெள்ளவத்தைப் பக்கம் மாடிவீட்டுக்கு நடுவில இருக்கிறவைக்கு இந்த மூண்டிலயும் இருபது முப்பது வீட்டு வைஃபை நிக்கும், அதில சனம் குறைஞ்சதைப் பார்த்துப் பிடிக்கிறதைத் தவிர வேற வழியில்லை.

சில மெஷ் ஆப்பில வெளி யூனிட் எந்த யூனிட்டோட சேர வேணும் எண்டு நீங்களே தெரிவு செய்யலாம். இருந்தா செய்யுங்கோ. இல்லாட்டி அது ஒருநாள் ஹோலில இருக்கிறதோட சேரும், ஒருநாள் மேல்மாடி அறையில இருக்கிறதோட சேரும், மேல்மாடியில இருக்கிறதுவே வைஃபையில ஓடுறது எண்டால் வெளியில போய்ச் சேரேக்க மூண்டாம் கை. ஒரே ரேடியோவில வாங்கி அதே ரேடியோவில குடுக்கிற சாமான் எண்டால் ஒவ்வொரு தாண்டலுக்கும் வேகம் பாதியாகும்.

வெயிலும் கரண்டும் இதோட சேர்ந்த கதை. வீட்டுக்குள்ள பாவிக்கிறதுக்குச் செய்த யூனிட் பொதுவா 40 பாகை வரைக்கும்தான். அதைக் கொண்டு போய் பிளாஸ்டிக் ஜங்ஷன் பொக்ஸுக்குள்ள வைச்சு சிலிக்கன் அடிச்சு மேற்குப் பக்கச் சுவரில பூட்டினா மழை போகாதுதான், சூடும் போகாது. மத்தியானம் படுத்துப் பின்னேரம் எழும்புற எக்ஸ்டெண்டர் எண்டால் வேற காரணம் தேட முதல் அதை நிழலுக்கு மாத்துங்கோ. கரண்டில பெரிய பிழை, 12 வோல்ட் அடாப்டரை வீட்டுக்குள்ள குத்திப்போட்டு மெல்லிய வயரால வெளியில நீட்டுறது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில 20 மீட்டர் இழுத்தா போக வர 40 மீட்டர், 1 ஆம்பியர் போகேக்க கிட்டத்தட்ட 1.4 வோல்ட் வழியிலயே போயிடும், பெட்டிக்குக் கிடைக்கிறது 10.6. சும்மா இருக்கேக்க அது காணும், நாலு பேர் வீடியோ பார்க்கத் தொடங்கி ரேடியோ கூட இழுக்கேக்க காணாது, ரீபூட். பார்க்கிறவைக்கு ஆக்கள் கூடினா வைஃபை நிக்குது எண்டுதான் தெரியும்.

பிறகு கடற்கரை. மரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவைக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஏசி கம்பிரசருக்கு என்ன நடக்குது எண்டு பார்த்திருப்பியள். வெளி யூனிட்டில குத்தியிருக்கிற லேன் முனையைக் கழட்டி வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ, எட்டுத் தங்க நிறக் கோடும் மினுங்க வேணும், அதில ரெண்டு மூண்டு பச்சை பூத்தோ கறுத்தோ இருந்தா உப்புக் காத்து உள்ள போயிட்டுது. வெட்டிப்போட்டு புது முனை கிரிம்ப் பண்ணுங்கோ, சாக்கெட்டையும் பாருங்கோ. கேபிள் மேலயிருந்து நேர பெட்டிக்குள்ள இறங்கினா மழைத்தண்ணி அதில வழிஞ்சு நேர உள்ள போகும், ஆகவே பெட்டிக்குக் கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்கோ, தண்ணி வளைவில சொட்டிப் போகும்.

இவ்வளவும் செய்து ஒரு கிழமை ஒழுங்கா ஓடினா காசைப் பேசாம பொக்கெட்டில வையுங்கோ.

வெளியில வைக்காமலே விடுறது

இதைச் சனம் யோசிக்கிறதே இல்லை, எனக்கெண்டால் வாடகை வீட்டுக்காரருக்கும் பிளட்டில இருக்கிறவைக்கும் இதுதான் முதல் தெரிவு. வெளியில வைஃபை வேணும் எண்டதால யூனிட்டும் வெளியில இருக்க வேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. சாதாரண மெஷ் யூனிட் ஒண்டை முன் அறை ஜன்னலோரத்தில, வெளிப்பக்கம் பார்க்க வைச்சா விறாந்தைக்கும் சின்ன வளவுக்கும் தாராளமாக் காணும். மழை இல்லை, உப்பு இல்லை, பிளக் உள்ளயே இருக்கு, வீட்டுக்காரரிட்டச் சுவரில ஓட்டை போடக் கேக்கத் தேவையில்லை.

ஆனா ஜன்னலைப் பார்த்து வையுங்கோ. வெறும் கண்ணாடி ஒண்டும் செய்யாது, வழமையான ஜன்னல் கிறிலும் கொஞ்சம்தான் குறைக்கும். நுளம்பு வலைதான் கவனம், நைலோன் எண்டால் பிரச்சினையில்லை, அலுமினியமோ ஸ்டீலோ எண்டால் சிக்னலுக்கு அது சுவர் மாதிரி, ஏனெண்டா 5 கிகாஹெர்ட்ஸ் அலையின்ட நீளம் 6 சென்டிமீட்டர் அளவு, அந்தச் சின்னக் கண்ணுக்கால அது வெளியில வராது. வெயிலுக்கு ஒட்டுற கண்ணாடி மாதிரி மினுங்குற ஸ்டிக்கருக்கும் அதே கதைதான், அதிலயும் உலோகப் பூச்சு இருக்கு. கம்பி போட்ட கொங்கிறீட் தூணுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கவும் வேண்டாம். வடிவா இல்லை எண்டு சொல்லி யூனிட்டை டிவிக்குப் பின்னால தள்ளுறவையும் இருக்கினம், பிறகு வந்து சிக்னல் இல்லை எண்டுவினம்.

இந்த வழியின்ட எல்லை எங்க எண்டால் வளவு நீளமா இருக்கிற இடத்தில. நுகேகொட, தெஹிவளைப் பக்கப் பழைய வீடுகளில கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில மாமரம், பலாமரம், கார் நிக்கிற தகரக் கொட்டில் எல்லாம் இருக்கும். ஈர இலை சிக்னலைக் குடிக்கும், தகரம் திருப்பி அடிக்கும். அங்க ஜன்னலோர யூனிட் மழைக்காலத்தில கைவிட்டிடும். கேட் கமரா கனக்க 2.4 இல மட்டும்தான் ஓடும், அது கொஞ்சம் தூரம் போகும், அப்பிடி எண்டாலும் நம்பி வைக்க மாட்டன்.

கேபிள் இழுத்து அவுட்டோர் யூனிட் வைக்கிறது

சொந்த வீடு, ஓட்டை போடலாம், பத்து வருஷம் இருக்கப் போறம் எண்டால் வேற யோசனை வேண்டாம், கேபிள் இழுங்கோ. எங்கட வீட்டிலயும் கடைசியில இதுதான் செய்தது. கேபிள் வந்த உடனே சேனல், ரேடார், ஈர இலை, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் பேக்ஹாலுக்கு ஒரு பொருட்டே இல்லை, வெளி யூனிட் தன்ட ரேடியோ முழுக்க போனுக்கும் கமராவுக்கும் குடுக்கும்.

அதோட பிஓஇ, அதாவது அதே லேன் கேபிளிலயே கரண்டும் போறது, இதுதான் உண்மையான லாபம். வெளியில பிளக் பொயின்ட் தேவையில்லை, மழையில டிரிப் சுவிட்ச் விழுற கதையும் இல்லை. முதல் சொன்ன 12 வோல்ட் கணக்கு இங்க தலைகீழ், 48 வோல்ட்டில போறதால அதே 12 வாட்டுக்கு கால் ஆம்பியர் காணும், வழியில போற இழப்பு பெரிசாத் தெரியாது. இதில 802.3ஏஎஃப் எண்ட தரம் எண்டால் குடுக்கிற பக்கத்தில 15.4 வாட், 802.3ஏடி எண்டால் 30 வாட், கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகலாம். 2022 கரண்ட் வெட்டுக் காலத்தில எல்லாரும் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்கினதுதானே, பிஓஇ இன்ஜெக்டரையும் (லேன் கேபிளில கரண்டை ஏத்துற பெட்டி) உள்ள ஒரு சரியான யூபிஎஸ்ஸில குத்தினா கரண்ட் போனாலும் கேட் கமரா நிக்காது. ஆனா ஒரு பொறி இருக்கு. அந்த மினி யூபிஎஸ் கனக்கத்தில பிஓஇ எண்டு எழுதி ஒரு ஓட்டை இருக்கும், அதில வாறது 15 வோல்ட் இல்லாட்டி 24 வோல்ட், சும்மா தள்ளி விடுற கரண்ட், 802.3ஏஎஃப் கேக்கிற யூனிட் அதில எழும்பவே எழும்பாது. பெயர் ஒண்டு எண்டு நினைச்சுக் குத்திப்போட்டு யூனிட் பழுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு போன ஆக்கள் இருக்கினம்.

யூனிட் எது எண்டு பார்த்தா ரெண்டு வகை. உங்கட மெஷ் எந்தக் கம்பெனியோ அதே குடும்பத்தில அவுட்டோர் யூனிட் வாங்கிறது ஒண்டு. டிபி-லிங்க் டெகோ வைச்சிருக்கிறவைக்கு எக்ஸ்50-அவுட்டோர் இருக்கு, வைஃபை 6, ஐபி65 (தூசிக்கும் மழைக்கும் தாங்கிற தரம்), பிஓஇயிலயும் ஓடும் சாதாரண கரண்டிலயும் ஓடும். ஒரே ஆப், ஒரே பெயர், அம்மா ஹோலிலிருந்து விறாந்தைக்குக் கதைச்சுக்கொண்டே போனாலும் அறுகாது. மற்ற வகை, மெஷ்ஷோட சம்பந்தமே இல்லாத தனி அவுட்டோர் அக்ஸஸ் பொயின்ட் (கேபிளில வாற நெட்டை வைஃபையாக் குடுக்கிற பெட்டி), டிபி-லிங்கின்ட ஈஏபி225-அவுட்டோர் மாதிரி. பொதுவா விலை குறையும், இடிக்கும் மழைக்கும் நிண்டு பிடிக்கிற மாதிரிச் செய்தது, கன்ட்ரோலர் (கன யூனிட்டைச் சேர்த்து நடத்துறது) இல்லாமத் தனியாவும் ஓடும். வீட்டு வைஃபையின்ட அதே பெயரையும் பாஸ்வேர்டையும் குடுத்தா போனுக்கு எல்லாம் ஒண்டுதான், ஆனா உள்ளயிருந்து வெளிய மாறேக்க ஒரு சின்னத் தட்டு வரும், சில போன் வீட்டுக்குள்ள இருக்கிற அரைப் புள்ளிச் சிக்னலை விட மாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கும்.

என்ட கணக்கில பிரிவு இதுதான்: வெளியில பாவிக்கிறது கமரா, கேட் பெல், இப்பிடி அசையாத சாமான் எண்டால் தனி அக்ஸஸ் பொயின்ட், கூடக் காசு குடுக்கத் தேவையில்லை. நடந்துகொண்டு கதைக்கிற மனுசர் எண்டால் அதே குடும்பத்து மெஷ் யூனிட். வைஃபை 7 வேணுமா எண்டு கேக்கினம், கேட் கமராவுக்கு வைஃபை 4 உம் காணும்.

கேபிளில கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில மலிவா வாற கேட்6 வகை லேன் கேபிள் சிலது அலுமினியத்துக்குச் செம்பு பூசினது, பெட்டியில சிசிஏ எண்டு சின்னனா இருக்கும், சிலதில அதுவும் இருக்காது. பிஓஇக்கு அது வேண்டாம், சூடாகும், வோல்ட் குறையும், கடற்காத்தில முனை கெதியா உக்கும். ஒரு கம்பியின்ட நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்கோ, உள்ள வெள்ளியா இருந்தா திருப்பிக் குடுங்கோ. வெளியில போறதுக்கு பிவிசி இல்லை, கறுப்புப் பொலிஎதிலின் உறை போட்ட அவுட்டோர் கேபிள்தான் வேணும், சாதாரண உறை வெயிலுக்கு வெடிச்சு உள்ள தண்ணி எடுக்கும். குழாயில போடுறதெண்டால் 230 வோல்ட் வயர் போற குழாய்க்குள்ள சேர்த்துப் போட விடாதேங்கோ, ஓட்டை மிச்சம் எண்டு வேலைக்கு வாற பாஸ் அதைத்தான் முதல்ல சொல்லுவார்.

இடி மின்னல் இந்த வழியின்ட பலவீனம், அதை மறைக்க ஏலாது. எங்களுக்கு மார்ச் ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் பின்னேரம் ஆனா இடிதான், நீளமா வெளியில போற செம்புக் கேபிள் அதை நேர ரவுட்டருக்குக் கூட்டிக்கொண்டு வரலாம், அங்கயிருந்து டிவி, என்விஆர் (கமராப் படத்தைப் பதியிற பெட்டி) எல்லாம் பழுதாப் போகும். கேபிள் வீட்டுக்குள்ள நுழையிற இடத்தில லேனுக்கெண்டு வாற சேர்ஜ் புரொடெக்டர் போட்டு அதின்ட எர்த் வயரை வீட்டு எர்த்தோட ஒழுங்காக் கட்ட வேணும், எர்த் கட்டாம வெறுமனே நடுவில குத்தினா அது அலங்காரம். யூனிட்டை தண்ணி டாங்கிக்கு மேல, ஆக உயரத்தில பூட்டாம சுவரோட தாழ்வாரத்துக்குக் கீழ பூட்டுங்கோ.

மிச்ச வழிகள்

கரண்ட் வயருக்கால நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் எண்டு ஒண்டு இருக்கு. ஒரே மீட்டர், ஒரே பேஸ், நல்ல வயரிங் எண்டால் ஓடும். கொழும்பில அனெக்ஸுக்குத் தனி மீட்டர் போட்டிருப்பினம், அப்ப அது கதைக்கே வராது, திரி பேஸ் வீட்டில வேற பேஸில குத்தினாலும் சந்தேகம், பம்ப் மோட்டர் ஓடேக்க விழுந்து எழும்பும். கடையில திருப்பி எடுப்பினம் எண்டால் மட்டும் வாங்கிப் பாருங்கோ.

அனெக்ஸ் வேற கட்டடம், நடுவில ஒழுங்கை இல்லாட்டி இன்னொருத்தற்ற மதில், கேபிள் போக வழியே இல்லை எண்டால் நேருக்கு நேர் பார்க்கிற வயர்லெஸ் பிரிட்ஜ், டிபி-லிங்கின்ட சிபிஇ510 மாதிரி ஒரு சோடி. ஒண்டு இந்தச் சுவரில, ஒண்டு அந்தச் சுவரில, ஒண்டை ஒண்டு கண்ணால பார்க்க வேணும், மரம் நடுவில வரக் கூடாது. கிலோமீட்டர்க் கணக்கில போறதுக்குச் செய்த சாமான், 20, 30 மீட்டருக்குப் பவரைக் குறைச்சு வையுங்கோ, இல்லாட்டி கிட்டவிருந்து கத்தினது போலாகிச் சிக்னல் குழம்பும், பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு. எக்ஸ்டெண்டரிலும் இது எவ்வளவோ திடம், ஏனெண்டா ரெண்டு பக்கமும் ஒரே திசையில பார்த்துக்கொண்டு வேற ஒருத்தருக்கும் காது குடுக்காம நிக்குதுகள். வெளிநாட்டில இருந்து ஆரேனும் கொண்டு வாற ரேடியோச் சாமானை விட, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின்ட அனுமதியோட இங்க விக்கிறதை வாங்கிறது நல்லம், வாரண்டிக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

அந்த ரெண்டாவது கட்டடத்துக்கு நிலத்துக்குக் கீழால கேபிள் போடலாம் எண்டால் செம்புக்குப் பதிலா ஃபைபர், அதாவது கண்ணாடி நார்க் கேபிள் போட்டு ரெண்டு பக்கமும் மீடியா கன்வேர்ட்டர் (ஃபைபரை லேனா மாத்துற பெட்டி) வையுங்கோ. ரெண்டு கட்டடத்துக்கும் எர்த் வேற வேற, செம்பு அந்த ரெண்டையும் தொடுக்கும், இடி விழேக்க அதால ஓடும். கண்ணாடியில கரண்ட் ஓடாது. ஆனா பிஓஇ கிடையாது, அங்க தனிக் கரண்ட் வேணும்.

வாடகைக்கு இருக்கிறவருக்கு வைஃபை குடுக்கிறதுதான் பிரச்சினை எண்டால் இவ்வளவு தலையிடியே வேண்டாம், அவர் தன்ட பேரில ஒரு 4ஜி ரவுட்டர் வைக்கட்டும். உங்கட நெட்டில வேற ஆக்கள் என்ன பார்க்கினம் எண்ட யோசனையும் இல்லை, மாசக்கடைசியில டேட்டா ஆர் முடிச்சது எண்ட சண்டையும் இல்லை. கேட் கமராவுக்கு மட்டும் இது சரிவராது, வீட்டு என்விஆரோட சேர்க்கிறது கரைச்சல்.

கேபிள் வழிக்குப் போறவை வேலை முடிஞ்ச அண்டைக்கே ஆப்பைத் திறந்து வெளி யூனிட்டின்ட பேக்ஹால் ஈதர்நெட் எண்டு காட்டுதா எண்டு பாருங்கோ, சில நேரம் கேபிள் குத்தியிருந்தும் அது பழைய பழக்கத்தில வைஃபையிலயே ஓடிக்கொண்டிருக்கும், ஒருக்கா ரீபூட் பண்ணினா மாறும். பிறகு இணைப்பு வேகம். 1000 எண்டு காட்ட வேணும், 100 எண்டு காட்டினா எட்டுக் கம்பியில ஏதோ ஒண்டு முனையில சரியாப் பிடிக்கேல்லை, 100க்கு நாலு கம்பி காணும், 1000க்கு எட்டும் வேணும். இப்ப ஓடுது தானே எண்டு பாஸ் சொல்லுவார். முனையை வெட்டித் திரும்ப கிரிம்ப் பண்ணச் சொல்லுங்கோ, மிச்சக் காசை அதுக்குப் பிறகு குடுங்கோ.